சிவப்புக் கம்பத்துக்குப் பொட்டு வைத்த அத்தைக்கு

தெமியாங், சிரம்பான்.
ஆவணி மாதம், புதன்கிழமை, 1954.

பாசமுள்ள முத்தாயி அத்தைக்கு, உங்கள் தம்பி தங்கராஜுவின் மகள் நீலாவதி காலைத் தொட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். நான் தங்கியிருக்கும் பூரணம் அக்கா வீட்டில் சாப்பாடும் சுகம். அங்கே நீங்களும், மாமாவும், அப்பா அம்மாவும், ரப்பர் தோட்டத்து முள்வேலிக்குள் நம் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஜனங்கள் எல்லோரும், வேலிக்கு வெளியே மாட்டிக்கொண்டுவிட்டதாகச் சொன்ன உங்கள் கறுப்பு ஆடும் சுகமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். எந்தக் கடவுளை என்பதைக் கீழே எழுதுகிறேன். இப்போது அதுதான் பிரச்சினை.

இந்தக் கடிதத்தை ஆறுமுகம் மாமாதான் உங்களுக்குப் படித்துக்காட்டுவார் என்று தெரியும். மாமா படிக்க உட்கார்ந்தால் லயமே வந்து சுற்றி உட்காரும் என்பதும் தெரியும். ஆகவே மாமா, இது குடும்ப விஷயம். தயவுசெய்து கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் படியுங்கள். விடியற்காலைப் பெரட்டில் வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் அந்த மண்டோர் குரல் வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். அத்தை, நீங்கள் ஆடிப் பதினெட்டுக்கு வந்துபோன நாளிலிருந்து எங்கள் ஏரியில் ஒரு சாமி இருக்கிறது. அது சாமி இல்லை. நான் எழுதிய அபாய அறிவிப்பைத் தாங்க நட்ட கம்பம். வரும் சனிக்கிழமைக்குள் அது மறுபடியும் கம்பமாகாவிட்டால் என் வேலை போய்விடும். இது சுருக்கம். இனி விரிவு.

ஆயர் தெனாங் ஏரிப் பூங்காவில் எனக்கு என்ன வேலை என்று அப்பா உங்களிடம் எப்படிச் சொல்லி வைத்திருக்கிறாரோ தெரியவில்லை. போன மாதம் ரெம்பாவ் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவர், “ஏரிக்கே மேனேஜரு நீதானே தங்கச்சி?” என்று கேட்டு எழுந்து இடம் கொடுத்தார். நான் மேனேஜர் இல்லை. ஆறு மாதத் தற்காலிகக் கிராணி. எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, எங்கே கால் வைக்கலாம், எங்கே வைத்தால் கால் திரும்பி வராது என்பதையெல்லாம் வருகிறவர்களுக்குத் தமிழில் எழுதி வைப்பது என் வேலை. அவசரகாலம் அல்லவா, மூடியிருப்பவைதான் அதிகம். கிழக்குக் கரை காட்டை ஒட்டியிருக்கிறது, அதனால் மூடியாயிற்று. மரப்பாலத்தில் பலகை உளுத்துவிட்டது, மூடியாயிற்று. காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாராவது படகில் அரிசி கொண்டுபோய்விடலாம் என்று படகுத்துறையையும் மூடியாயிற்று. மாலை ஐந்து மணிக்குப் பூங்காவையே மூடிவிடுகிறோம். மிச்சம் இருப்பது ஒரு புல்வெளி, ஒரு நடைபாதை, நாலு பெஞ்சு. அந்த நாலில் ஒன்றுக்குப் பெயின்ட் அடித்து இன்னும் காயவில்லை. அதற்கும் நான்தான் போர்டு எழுதினேன். அதில் உட்கார்ந்த மனிதர் எழுந்த பிறகுதான் போர்டைப் படித்தார்.

அத்தை, இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். என் போர்டுகளை ஒருவரும் படிப்பதில்லை. நான் குறையில்லாமல்தான் எழுதினேன். “இதனால் சகல பார்வையாளர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்” என்று தொடங்கி, மூன்று ராத்திரி உட்கார்ந்து, ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதினேன். ‘படகுத்துறை மூடப்பட்டுள்ளது’ என்ற போர்டில் ஜனங்கள் துண்டு காயப்போடுகிறார்கள். ‘பந்து விளையாடக் கூடாது’ என்ற போர்டைப் பையன்கள் கோல் கம்பமாக வைத்துப் பந்து விளையாடுகிறார்கள். பாலத்துப் போர்டை ஒருவர் படித்தார், அது உண்மை. முழுக்கப் படித்து, “நல்லா எழுதியிருக்கு லா” என்று பாராட்டிவிட்டு, அதை ஓரமாகத் தள்ளிப் பாலத்தில் ஏறிப் போனார். நான் பின்னாலேயே ஓடி, “ஐயா, ஐயா” என்றேன். என் குரல் உங்களுக்குத் தெரியுமே. கல்லூரியில் வாத்தியார் பேர் கூப்பிட்டபோது “உள்ளேன்” என்று நான் சொன்னது கேட்காமல் எத்தனை நாள் எனக்கு ஆப்சென்ட் போட்டிருக்கிறார். பாலத்தில் போனவர் மட்டும் எப்படித் திரும்பிப் பார்ப்பார்?

இப்படியிருக்கும்போதுதான் அணைக்கட்டுப் பக்கத்துக் கரை உள்ளுக்குள்ளே அரித்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். மேலே பார்த்தால் பச்சைப்புல், கீழே வெறும் சேறு. நிற்கிறவரோடு கரையே தண்ணீருக்குள் போய்விடும். அங்கே பெரிய அபாயப் போர்டு வைக்கச் சொல்லி எங்கள் சூப்பிரண்டு செல்வநாயகம் ஐயா உத்தரவு போட்டார். ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். கையில் எப்போதும் குடை இருக்கும். கோபம் வந்தால் குடையைத் திறப்பார், ரொம்பக் கோபம் வந்தால் மூடுவார். தோட்டக்காரர் முருகையா ஒரு தடிமனான செங்கால் மரக்கட்டையைச் செதுக்கி, கரையோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் நட்டார். வெள்ளைப் பெயின்ட் தீர்ந்துபோயிருந்தது. தீயணைக்கும் வாளிகளுக்கு அடித்த சிவப்பு மிச்சம் இருந்தது, அதை அடித்துவிட்டார். நான் எழுதிய பலகை மட்டும் காயவில்லை. சரி, ஒரு நாள்தானே, கம்பம் சும்மா நிற்கட்டும் என்று விட்டோம். அந்த ஒரு நாள்தான் ஆடிப் பதினெட்டு.

உங்கள் தோட்டத்து லோரி வாசலில் வந்து நின்றது. தோட்டத்து கேட்டில் சாப்பாடு எதுவும் வெளியே விடமாட்டார்கள் என்பதால் சித்திரான்னம் இல்லாத பதினெட்டாம் பெருக்கு இது என்று எல்லோரும் புலம்பிக்கொண்டே இறங்கினீர்கள். சோதனை போடுகிற பெண் உங்கள் இடுப்பு முடிச்சிலிருந்த கற்பூரத்தை எடுத்து, சீனியோ என்று நாக்கில் வைத்துப் பார்த்து, அரை மணிநேரம் துப்பிக்கொண்டிருந்தாள் என்று நீங்கள் சொன்னபோது நானும் சிரித்தேன். அப்புறம் நீங்கள் ஏரிப் பக்கம் திரும்பினீர்கள். அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆனால் அப்போது நான் எங்கே இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியாது. உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தேன், கையில் காய்ந்த பலகையோடு.

“ஆத்தாடி, முனி நிக்கிறாரு பாருங்கடி!” என்றீர்கள். “தண்ணியோரம், மரத்தடி, செவப்பு. இன்னும் என்னடி வேணும்?”

“மொகம் இல்லியேக்கா?” என்று உங்களோடு வந்த வள்ளியம்மா இழுத்தார்.

“ஒன் வீட்டுக்காரனுக்கு மட்டும் இருக்காக்கும்? கும்புடுடி!”

நான் “அத்தே, அது கம்பம்” என்றேன். சத்தியமாகச் சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. அதற்குள் நீங்கள் குங்குமத்தைக் குழைத்துக் கம்பத்துக்கு அப்பி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, கற்பூரத்தைக் கொளுத்தி, திரும்பிப் பார்த்து என்னைக் கண்டு, மிச்சக் குங்குமத்தை என் நெற்றியில் அப்பி, “நீயும் வேண்டிக்க தாயி, வேல பெர்மனென்ட் ஆவும்” என்றீர்கள். நானும் கும்பிட்டேன், அத்தை. ஒரு கையில் ‘அபாயம்’ என்ற பலகையை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் கும்பிட்டேன்.

அதோடு நின்றிருந்தால் மழையில் குங்குமம் கரைந்திருக்கும். மறு ஞாயிறு லெட்சுமி என்று ஓர் அம்மா சுங்கை காடுட் பக்கத்திலிருந்து வந்திருந்தார். பூங்காவில் அடையாளக் கார்டைத் தொலைத்துவிட்டார். கார்டு இல்லாமல் பஸ் ஏற முடியாது, ரோட்டில் போலீஸ்காரர் மறித்தால் காட்டுக்காரி என்று பிடித்துப்போவார்கள். அந்த அம்மா குங்குமம் இருந்த ஒரே இடத்தைத் தேடிப் போய் விழுந்து அழுதார். கார்டு நடைபாதையில் முருகையா காலில்தான் தட்டுப்பட்டது. கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் ‘நீதான் எடுத்தியா’ என்று கேட்பார்களோ என்று பயந்து, அந்த அம்மா கண்ணை மூடியிருந்த சமயம் பார்த்துக் கம்பத்தடியில் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். அந்த அம்மா கண்ணைத் திறந்தார். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு இரண்டு பஸ் நிறைய ஜனங்கள்.

பலகையை மாட்டிவிட்டால் எல்லோருக்கும் உண்மை விளங்கிவிடும் என்று நினைத்தேன். பி.ஏ. படித்த புத்தி. பொட்டு வைத்த கம்பத்தில் ஆணி அடிக்க முருகையா இத்தனை நாளும் மறுத்ததால், நானே ஏணி வைத்து ஏறி அடித்தேன். ‘அபாயம். இங்கே நிற்காதீர்கள். நீரில் இறங்காதீர்கள்.’ முதல் தடவையாக ஜனங்கள் என் போர்டைச் சத்தம்போட்டுப் படித்தார்கள். படித்து முடித்ததும் ஒரு தாத்தா, “சாமி நிக்க வேணாங்குது. எல்லாம் உக்காருங்க” என்றார். எல்லோரும் உட்கார்ந்தார்கள், அத்தை. அரித்துப்போன கரையின் மேல், கைக்குழந்தைகளோடு, வட்டமாக, வசதியாக உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கே அபிஷேகமும் ஆரம்பமாகிவிட்டது. கடையில் டின் பால் வாங்கினால் காட்டுக்கு அனுப்பாமல் இருக்கச் சர்க்கார் உத்தரவுப்படி கடைக்காரரே டின்னில் ஓட்டை போட்டுத்தானே கொடுக்கிறார்? அது அபிஷேகத்துக்கு என்னவொரு வசதி! டின்னைக் கவிழ்த்தால் பால் நூல் பிடித்ததுபோல் கம்பத்தின் தலையில் இறங்குகிறது. அவசரகாலச் சட்டம் நம் ஜனங்களுக்கு நேராக உதவியதை நான் பார்த்தது அன்றுதான். எறும்புகள்கூட வேறு ஏரிகளிலிருந்து வந்திருந்தன.

திங்கட்கிழமை செல்வநாயகம் ஐயா வந்து பார்த்தார். மாலையைப் பார்த்தார். பாலைப் பார்த்தார். எறும்பைப் பார்த்தார். குடையைத் திறந்தார். மூடினார்.

“பிள்ளை,” என்றார், “நான் உம்மட்டை ஒரு அபாயப் பலகைதானே கேட்டனான்? நீர் ஒரு கோயில் கட்டித் தந்திருக்கிறீர்.”

குடையை மறுபடி திறந்தார்.

“கூட்டம் கூடப் பெர்மிட் வேணும். இடிஞ்சு விழுற கரையிலை கும்பாபிஷேகம் நடத்த எந்தப் பெர்மிட் இருக்கு? சனிக்கிழமை வெள்ளைக்காரத் துரை ஏரியைப் பார்வையிட வாறார். அதுக்கிடையிலை உது கம்பமாய் இருக்கோணும். இல்லாட்டி நான் உம்மை வைச்சிருக்கேலாது, பிள்ளை. எனக்கும் மனசில்லை.”

முருகையாவைக் கம்பத்தைப் பிடுங்கச் சொன்னேன். அவர் இரண்டடி பின்னால் போனார். “நட்டப்ப அது கட்டைம்மா. இப்ப கட்டையில்ல. நீங்க படிச்ச புள்ள, ஒங்கள ஒண்ணும் பண்ணாது, நீங்களே புடுங்குங்க.” நானும் கை வைத்தேன். வைத்ததும் என்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். முருகையா “ம்” என்றார்.

சரி, பேசித்தான் பார்ப்போம் என்று நேற்று ஒரு முடிவுக்கு வந்தேன். அத்தை, இனி எழுதப்போவதை மாமா இன்னும் மெதுவாகப் படிக்கட்டும். செவ்வாய்க்கிழமை, முனிக்கு விசேஷம் என்று நல்ல கூட்டம். நான் கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்று அவர்களைப் பார்த்துத் திரும்பினேன். என்னைப் பார்த்து அத்தனை முகம். எனக்குக் கை நடுங்கியது. அப்புறம் கால் நடுங்கியது. பல் கிட்டிக்கொண்டது. பின்னல் அவிழ்ந்துபோயிற்று. பேச வாயைத் திறந்தேன், “ஹ்ம்ம்ம்” என்று மட்டும்தான் வந்தது. முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து நின்று, “அருள் வந்திருச்சுடீ!” என்று கத்தினார்.

அடுத்த நொடி என் தலையில் ஒரு குடம் தண்ணீர். கையில் வேப்பிலை. எங்கிருந்து பறித்தார்கள்? பூங்காவில் செடி கொடி பறிக்கக் கூடாது என்று நான் போர்டு எழுதியிருக்கிறேன்! “யாரு வந்திருக்கிறது? சொல்லு சாமி!” என்று ஒருவர் கேட்கிறார். “எம் மவனுக்கு எப்ப சாமி வேல கெடைக்கும்?” என்று இன்னொருவர். நான் எனக்கே எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் நிற்கிறேன்! அந்த நேரத்தில் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது என் போர்டு ஒன்றுதான், அத்தை. அது வாயிலிருந்து வந்துவிட்டது. எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் குரல், அக்கரையில் கொக்குகள் எழும்பிப் பறந்தன. “நீரில் இறங்காதீர்கள்! கரையோரம் ஆபத்து! பின்னால் போங்கள்! குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்! மாலை ஐந்து மணிக்குப் பூங்கா மூடப்படும்!”

எல்லோரும் பின்னால் போனார்கள். மரத்தைத் தாண்டி, நடைபாதையைத் தாண்டிப் போய், ஒரு கயிற்றைக் கொண்டுவந்து குறுக்கே கட்டிக்கொண்டு, அதற்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். ஐந்து மணிக்கு ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்து போனார்கள். கேட்டைப் பூட்டிய முருகையா, இந்தப் பூங்காவில் இப்படி நடந்ததேயில்லை என்றார். நான் சொட்டச் சொட்ட பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். பூரணம் அக்கா கதவைத் திறந்து, ஈரத்தலை, வேப்பிலை, நெற்றி நிறையக் குங்குமம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “அரசாங்க வேலை எண்டால் கஷ்டந்தான் பிள்ளை” என்று துவாயை எடுத்துக் கொடுத்தார்.

ஆகவே அத்தை, என் கடைசி நம்பிக்கை நீங்கள்தான். வைத்த கைதான் எடுக்க வேண்டும் என்பது நம் வழக்கம். நீங்கள் வெள்ளிக்கிழமை எப்படியாவது பாஸ் வாங்கிக்கொண்டு வந்து, சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லி, மாலையை இறக்கி, பொட்டை அழித்து, ஜனங்கள் முன்னால் ‘இது வெறும் கம்பம்’ என்று சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டார்கள். இப்போது நான் என்ன சொன்னாலும் சாமி சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள், ‘நான் சாமி இல்லை’ என்பதைக்கூட. இந்த வேலை எனக்கு வேண்டும், அத்தை. நம் லயத்தில் முதல் தடவையாக ஒருத்தி ரப்பர் பால்வாளி தூக்காமல் பேனா தூக்கியிருக்கிறாள் என்று அப்பா தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். ஆறு மாதம்கூட முடியாமல், அதுவும் ஒரு கம்பத்தால், நான் பெட்டியோடு திரும்பி வந்தால் அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? அதோடு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. யாரும் படிக்காவிட்டாலும்.

அப்பாவுக்கு வேலை விஷயம் தெரிய வேண்டாம். அம்மாவுக்கு முட்டிவலித் தைலம் அனுப்பியிருக்கிறேன். வேலிக்கு வெளியே இருக்கும் ஆட்டுக்கும் என் அன்பு. பெரியவர்கள் எல்லோரும் கையைத் தூக்கி என்னை ஆசீர்வதிக்கவும், அது வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேரும்படி கொஞ்சம் பலமாக ஆசீர்வதிக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்,
நீலாவதி

பின்குறிப்பு: சனிக்கிழமை மாலை. அத்தை, மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் சொல்லிப் புதன்கிழமையே முருகையாவிடம் கொடுத்திருந்தேன். நல்ல காரியம் நல்லபடி முடியட்டும் என்று அவர் அதை முனியின் காலடியில் வைத்து, மழையில் நனையாமல் ஒரு வாளியைக் கவிழ்த்து மூடிவிட்டு, அங்கேயே மறந்துவிட்டார்; இன்றுதான் என் கைக்குத் திரும்பி வந்தது. உறையில் இருப்பது குங்குமம்தான், மாமா பயப்பட வேண்டாம்.

நீங்கள் வரவில்லை, துரை வந்தார். நேற்று ராத்திரி பெய்த மழையில் ஏரி நிறைந்திருந்தது. துரை பாலத்துக்குப் போனார். ‘மூடப்பட்டுள்ளது’ என்ற போர்டைத் தாண்டி நாலு பேர் பாலத்தில் நின்று மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தார்கள். படகுத்துறைக்குப் போனார். போர்டில் ஒரு கைலி காய்ந்துகொண்டிருந்தது. அலுத்துப்போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். அது அந்தப் பெஞ்சுதான். நேற்றுத்தான் இரண்டாம் பூச்சு அடித்திருந்தது. செல்வநாயகம் ஐயா குடையைத் திறந்தார், மூடினார், திறந்தார். அதற்கப்புறம் எல்லோரும் சிவப்புக் கம்பத்துக்கு வந்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடியிருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால் ஒரு லோரி அளவு கரை, புல்லோடு பூவோடு, மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. போன ஞாயிறு கைக்குழந்தைகளோடு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்த அதே இடம். இன்றைக்கு அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அத்தனை ஜனமும் பத்திரமாக உட்கார்ந்து “முனீஸ்வரா!” என்று ஒரே குரலில் கத்தினார்கள். கம்பம் விழவில்லை. கொஞ்சம் சாய்ந்து, எல்லோரும் வந்தாயிற்றா என்று எட்டிப் பார்ப்பதுபோல் நிற்கிறது.

இந்த ஏரியில் ஜனங்கள் மதிக்கிற ஒரே போர்டு இதுதான், இதை எழுதியது யார் என்று துரை கேட்டார். செல்வநாயகம் ஐயா என்னைக் காட்டினார். துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார் (அப்பாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்). பாலத்துக்கு ஒன்று, படகுத்துறைக்கு ஒன்று, கிழக்குக் கரைக்கு ஒன்று, இதே மாதிரி மூன்று கம்பம் உடனே வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பெஞ்சுப் பெயின்டோடு காரில் ஏறினார். கார் போனதும் ஐயா என் பக்கம் திரும்பி, “பிள்ளை, உந்தச் சிவப்புப் பெயின்ற் இன்னும் கிடக்கோ?” என்றார். திங்கட்கிழமையிலிருந்து நான் தற்காலிகம் இல்லை, அத்தை. அப்புறம் ஐயா கம்பத்தின் பக்கம் திரும்பி, கால் சப்பாத்தைக் கழற்றினார். சப்பாத்துக்குள் கல் மாட்டிக்கொண்டதாம். இரண்டிலும்.

ஆகவே பொட்டை அழிக்க வர வேண்டாம். வைக்க வாருங்கள். உங்கள் தோட்டத்து லோரிக்கு அனுமதி கேட்டுத் துரையே எழுதுகிறாராம், அடுத்த ஞாயிறு கிளம்பிவிடுங்கள். மூன்று புதுக் கம்பத்துக்கும் முதல் பொட்டு உங்கள் கையால்தான். கற்பூரத்தை அந்தச் சோதனைக்காரப் பெண்ணிடம் நீங்களே முதலில் காட்டிவிடுங்கள், பாவம். பொட்டை மட்டும் எழுத்தின் மேல் அப்ப வேண்டாம், கொஞ்சம் தள்ளி வையுங்கள். கஷ்டப்பட்டு எழுதியிருக்கிறேன்.

மாமா, இந்தப் பின்குறிப்பை மட்டும் கதவை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, அப்பாவை முன்னால் உட்காரவைத்து, மண்டோர் குரலில் படியுங்கள்.